கிட்னியிலிருந்து எடுத்த இரண்டு இழைகள்

செருப்பில்தான் முதலில் தெரிந்தது. காலையில் சரியாகப் போட்டுக்கொண்டு போன செருப்பு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது பாதத்தைக் கவ்விப் பிடித்தது. வார் பதிந்த இடத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வர நேரம் எடுத்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, தையல் பிசகியதையும் தோலில் வடு இருப்பதையும் ஒதுக்கிவைப்பது என் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். அதனால் கால் வீக்கத்துக்கு நின்றதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு காலையில் எழுந்தால் கண் இமைகள் உப்பியிருந்தன. தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தபோதுதான் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "கலா, உனுக்கு இன்னாதான் ஆச்சி?" என்று கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். இதில் உங்களுக்கும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

ஆம்பூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், சிறுநீரில் ஒரு சிறிய பட்டையை நனைத்துப் பார்த்தார். மஞ்சளாக இருந்த பட்டை கரும்பச்சையாக மாறியது. அவர் அதைக் குப்பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் கணவர் சேகரைப் பார்த்தார். "புரோட்டீன் நெறைய வெளிய போவுது. இங்க வெச்சி பாக்குற சமாச்சாரம் இல்ல. வேலூருக்குக் கூட்டினு போய்டுங்க."

சேகர் எலெக்ட்ரீஷியன். தோல் கம்பெனிகளில் மோட்டார் பழுது பார்க்கிறவர். வீடு வரும்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினார். வண்டியை நிறுத்திய பிறகுதான், "வேலூர்ல அக்கா இருக்குது. ஒண்ணும் பேஜார் இல்ல" என்றார். யாருக்குத் தைரியம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்றால் அவருடைய அக்கா தேவகி, என் நாத்தனார். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரில் இவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அம்மா சீக்கிரம் போய்விட, தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்காதான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்துக்குமேல் அவரே, "இனிமே யாருக்கும் காபி போட்டுக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தோட்டப்பாளையத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறார். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் தேவகி அம்மா இருக்கிறாரா என்று கேட்டுத்தான் உட்காருவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வேலை காத்திருப்பதுதான். எண் வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். வந்ததும் இன்னொரு இடத்துக்குப் போய் அங்கேயும் உட்கார வேண்டும். எல்லா மொழியும் பேசுகிறவர்கள் வரிசையில் இருந்தார்கள். எல்லோருடைய மடியிலும் ஒரே மாதிரி ஃபைல். பில் கட்டுகிற ஜன்னல் வந்தால் மட்டும் சேகர் என்னைத் தூரமாக உட்காரவைத்துவிடுவார். எவ்வளவு என்று கேட்டால், "கம்மிதான்" என்பார். எல்லா நாளும் அதே பதில்.

எங்களைப் பார்த்த கிட்னி டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். ரத்தத்தில் புரோட்டீன் இறங்கிவிட்டது, அதனால்தான் தண்ணீர் சதையில் தேங்கி வீக்கமாகிறது என்று சொன்னார். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி ஒரு கேனைக் கொடுத்தார்கள். ஆம்பூரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாதென்று அக்காவின் அறையிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை அந்தக் கேனைத் தன் கடையின் பட்டுப்புடவைப் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பையைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"எங்க கலாவுக்குத்தான்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பட்டு வெயிட்டு ஜாஸ்தி. அதான் கீழ வைக்கல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உப்பிய இமைகளோடு நான் சிரித்ததைப் பார்த்து அந்த அம்மா கல்யாணப் பெண் அழுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கேனை அளந்து பார்த்த பிறகு டாக்டரம்மா பயாப்சி செய்ய வேண்டும் என்றார். அந்த வார்த்தை எங்கள் தெருவில் கேன்சருக்கு இன்னொரு பெயர். சேகரின் கை என் தோளுக்கு வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கேன்சரான்னு பார்க்க இல்லைங்க. கிட்னிக்குள்ள லட்சக்கணக்கில குட்டிக் குட்டி வடிகட்டி இருக்கு. உங்க வடிகட்டியில ஓட்டை விழுந்து புரோட்டீன் ஒழுகுது. ஒழுகுதுன்னு ரத்தம், சிறுநீர் பார்த்தா தெரியும். ஏன் ஒழுகுதுன்னு தெரியாது. அந்தக் காரணம் பத்து விதமா இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தா பத்தும் ஒரே வீக்கம்தான். கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சாத்தான் பத்தும் பத்து விதமா தெரியும். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற."

அதற்குமேல் நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. தோலின் மேல்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வெட்டின ஓரத்தைப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். அது என் தொழில்.

பயாப்சி அன்று என்னைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை வைத்தார்கள். முதுகில் ஸ்கேன் வைத்து கிட்னி இருக்குமிடத்தைப் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க. ஆடக்கூடாது" என்றார் ஒரு டாக்டர். டக் என்று ஒரு சத்தம். ஷூவில் கயிறு கோக்க ஓட்டை குத்துவோமே, அந்த மெஷினின் சத்தம்தான். வலி இல்லை, யாரோ உள்ளே சுண்டியது போல இருந்தது. மறுபடியும் மூச்சு, மறுபடியும் டக்.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். சேமியா இழை மாதிரி இரண்டு துணுக்குகள். அவ்வளவுதான். அதைப் பக்கத்திலேயே ஒரு சிறிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பெண், "இருக்கு டாக்டர்" என்றாள். வடிகட்டிகள் அந்தத் துணுக்கில் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்களாம். வரவில்லையென்றால் மறுபடியும் குத்த வேண்டும். "இருக்கு" என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு ஏனோ அழுகை வந்தது.

பிறகு வார்டில் மல்லாந்து படுத்தபடி அசையாமல் கிடக்க வேண்டும், உள்ளே ரத்தம் கசியாமல் இருப்பதற்காக. சிறுநீர் சிவக்கிறதா என்று நர்ஸ் வந்து வந்து பார்த்தார். அக்கா கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தார்.

"இங்கியுமாக்கா?" என்றேன்.

"ஆஸ்பத்திரி காத்து பட்டா மூஞ்சி வாடிப்பூடும். கம்முனு இரு."

அது மங்குக்குப் போடுகிற க்ரீம். சின்ன மகன் பிறந்த பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் கரும்படலமாக மங்கு படர்ந்திருந்தது. நான் யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் போட்டோ எடுக்கும்போது நான் பின்னால் போய் நிற்பதை அக்கா கவனித்திருக்கிறார். நிறத்தைச் சொல்லிக் காயப்படுத்தப்பட்டவருக்கு அது கண்ணில் படாமல் போகுமா? கடைக்கு வருகிற ஒரு பெண்ணிடமிருந்து அந்த க்ரீமை வாங்கி வந்தார். தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. போட்ட சில வாரங்களிலேயே மங்கு மறைந்து முகம் தெளிந்தது. அன்றிலிருந்து டப்பா தீருவதற்குள் அடுத்த டப்பா வந்துவிடும்.

கட்டிலில் அசையாமல் கிடந்த என் கன்னங்களில் அக்கா அதை மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவருடைய விரல்கள் துணியைத் தடவித் தடவி மெத்தென்று ஆகிவிட்ட விரல்கள். நான் அப்படியே தூங்கிப்போனேன். எனக்கு அம்மா நினைவு வந்தது என்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் ரிப்போர்ட் வந்தபோது டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இது உங்களுடையதுதான், பாருங்க."

துணுக்கை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றியிருந்தார்கள். ரோஜா நிறத்தில் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றும் ஒரு நூல்கண்டு போல. அந்த நூல்கண்டுதான் வடிகட்டி. நல்ல வடிகட்டியில் நூலின் சுவர் மெல்லிசாக இருக்குமாம். என்னுடையதில் தடித்திருந்தது. இன்னொரு படத்தில் வெள்ளிச் சாயம் போட்டிருந்தார்கள்; அதில் சுவரின் வெளிப்பக்கம் சீப்புப்பல் மாதிரி கறுப்புக் கறுப்பாக முட்கள். மூன்றாவது படம் இருட்டு. அந்த இருட்டில் சுவரையொட்டி, ரவையைத் தூவினது போலப் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன.

"நம்ம உடம்பைக் காக்கிற எதிர்ப்புப் பொருள்தான் இந்தப் பச்சை. தப்பான இடத்துல போய் ஒட்டியிருக்கு. இதுக்கு மெம்பரனஸ்னு பேரு, வடிகட்டிச் சுவரைப் பிடிக்கிற நோய்."

"மருந்து ஆரம்பிச்சிடலாமா மேடம்?" என்றார் சேகர்.

"இல்லை. இதுலயே உள்பிரிவு இருக்கு. எதிர்ப்புப் பொருள் எந்தப் புரோட்டீனைப் பார்த்து வந்து ஒட்டுச்சுன்னு கண்டுபிடிக்கணும். வழக்கமா வர்றதுக்குச் சாயம் போட்டுப் பார்த்தாச்சு, அது இல்லை. இன்னொண்ணு போட்டிருக்காங்க. அது வரட்டும். இப்பவே ஸ்ட்ராங் மருந்து குடுத்தா எதிர்ப்புச்சக்தியே போயிடும். தேவையில்லாம அதைச் செய்யக்கூடாது."

அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விட மோசம். நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. சொந்தக்காரர்கள் போனில் சத்தம் போட்டார்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க மாட்டார்களாமா என்றார்கள். எல்லாம் தோல் கம்பெனி கெமிக்கல்தான், வேலையை விடு என்றார்கள் சிலர். டயாலிசிஸ் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சேகரின் போனில் அதைத் தேடிப் பார்த்திருந்தது எனக்குத் தெரிந்தது.

எனக்கு உப்பு ஆகாது என்றதும் சேகர் தனக்கும் உப்பில்லாமலே சமைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக. முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார், தண்ணீரைத் தேடியபடி. கம்பெனியிலிருந்து என் லைனில் வேலை செய்கிற பெண்கள், வீணான துண்டுத் தோலில் வீங்கிய கால்களுக்குப் போதுமான அகலத்தில் ஒரு செருப்பு செய்து அனுப்பினார்கள். நானே பார்த்து ஒதுக்கிவைத்திருக்கக்கூடிய தோல். அதில் ஒரு குறைகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. துப்பு கிடைத்தவர் முகம்.

"சாயம் பிடிச்சிருக்கு. அந்தப் புரோட்டீனோட பேரு நெல்-ஒண்ணு."

சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெல்லா மேடம்? நாங்க அணைக்கட்டுப் பக்கம், நெல்லு போடுறவங்கதான். அரிசி சாப்புடுறதாலயா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அறையிலிருந்த இளம் டாக்டரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் நாங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

"அந்த நெல் இல்லைங்க. இங்கிலீஷ் பேரு அப்படி. ஆனா இது கிடைச்சா நாங்க ரெண்டு கேள்வி கேட்கணும். ஒண்ணு, உடம்புல வேற எங்கயாவது கட்டி இருக்கான்னு ஸ்கேன்ல பார்க்கணும். சிலருக்கு அதனால வரும். ரெண்டாவது, உடம்புக்குள்ள பாதரசம் போகுதான்னு பார்க்கணும். லேகியம், பஸ்பம்னு ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

"கம்பெனில என்ன வேலை? கெமிக்கல் தொடுவீங்களா?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "முகத்துக்கு ஏதாவது போடுறீங்களா?"

டப்பா என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன்.  டாக்டரம்மா அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லை, ஊர் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை.

க்ரீமையும் என் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை. க்ரீமில் பாதரசம் இருந்தது; என் ரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்தது. பழைய தெர்மாமீட்டரில் வெள்ளியாக ஓடுமே, அதுதான். தோலை வெளுக்கவைக்கும் என்பதால் இப்படிப்பட்ட டப்பாக்களில் சேர்க்கிறார்களாம். தோல் வழியாக உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, கிட்னியில் போய் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

"இதை நிறுத்துறதுதான் உங்களுக்கு முக்கியமான மருந்து" என்றார் டாக்டரம்மா. "ஒழுகலைக் குறைக்க ஒரு மாத்திரை, வீக்கத்துக்கு ஒண்ணு, கொலஸ்ட்ராலுக்கு ஒண்ணு. ஸ்ட்ராங் மருந்து இப்ப வேண்டாம். நிறைய பேருக்கு நிறுத்தினாலே கொஞ்சம் கொஞ்சமா சரியாகுது. எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். மாசக்கணக்கா பார்த்துக்கிட்டே வரணும்."

அந்த இருட்டுப் படத்தின் பச்சைப் புள்ளிகளுக்கு மேலும் ஒரு சாயம் போட்டுப் பார்த்த, நான் முகம் பார்த்திராத அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் நான் ஒரு பக்கம் கடுமையான மருந்து சாப்பிட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் கன்னத்தில் விஷத்தைத் தடவிக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால், அந்த டப்பாவை விற்றவள் முகம்கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அக்காவின் முகம்தான்.

"அக்காகிட்ட சொல்ல வேணாம் கலா" என்றார் சேகர், நான் வாய் திறப்பதற்குள். "ஒடைஞ்சி பூடும். அது வேற எதுன்னாலும் தாங்கும்."

"அவங்களும்தான அத போடுறாங்க?"

 உள்ளே டாக்டரம்மாவும் கடைசியாக அதைத்தான் கேட்டிருந்தார்: வேறு யார் போடுகிறார்கள், அவர்களையும் கூட்டிவாருங்கள்.

அன்று சாயங்காலம் தோட்டப்பாளையம் அறைக்குப் போனோம். அக்கா கடையிலிருந்து வந்து எனக்காக உப்பில்லாத மோர்க்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். சேகர் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றி, பழுதே இல்லாத அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்து நானே சொன்னேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். அலமாரியிலிருந்து தன் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி கட்டில்ல கூட போட்டனே" என்றார்.  தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன் தப்பு இல்லக்கா. ஒனக்கு இன்னா தெரியும்" என்றார் சேகர்.

"ஆமாங்க்கா. யாருக்குத் தெரியும்?" என்றேன் நானும். சொன்ன வார்த்தை சரிதான். ஆனால் சொல்லும்போது நான் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவின் சிறுநீரையும் பார்த்தார்கள். அவருக்கும் ஒழுகியது. கால் வீக்கம் அவருக்கும் பல மாதமாக இருந்திருக்கிறது. நாள் முழுக்க நின்று புடவை காட்டுகிறவர், நின்றதால்தான் என்று அவரும் அதே முடிவைக் கட்டியிருக்கிறார். பிறகு அவருக்கும் பயாப்சி. இந்த முறை நான் பக்கத்தில் நின்றேன். அக்கா குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தார். டக் என்ற சத்தத்துக்கு அந்தப் பிடி இறுகியது. அவரிடமிருந்தும் சேமியா இழை மாதிரி ஒரு துணுக்கு வந்தது.

அவருடைய படங்களும் என் படங்கள் போலவே இருந்தன. அதே பச்சைப் புள்ளி, அதே நெல்-ஒண்ணு. இளம் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா உடையவில்லை. சேகர் தன் அக்காவைத் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தார். கடையில் அந்த க்ரீமை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாரவிடுமுறையில் நடந்தே போனார். டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நாளிக்கே போய் சிறுநீர் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருத்தி தர மாட்டேன் என்று சண்டை போட்டாளாம். அக்கா தன் ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். கடையில் பில் போடும் ஒரு பெண்ணுக்கும் ஒழுகல் இருந்தது. ஆரம்பநிலைதான். விற்க வந்த பெண் அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை.

ஆனால் என்னிடம் மட்டும் அக்கா மாறிவிட்டார். வீட்டுக்கு வந்தால் வாங்கிவந்த பழத்தை வைத்துவிட்டு உடனே கிளம்புவார். என் நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கிவிடுகிற பழக்கம் நின்றுபோனது. கடைப் பேச்சு, சிரிப்பு ஒன்றும் இல்லை. நாங்களும் சும்மா இருக்கவில்லை. உங்கள் தப்பு இல்லை, உங்கள் தப்பு இல்லை என்று சேகர் சொன்னார், நான் சொன்னேன், ஊரிலிருந்து வந்தவர்களும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்.

மாதங்கள் போயின. வீக்கம் வடிந்தது. ஒவ்வொரு முறையும் புரோட்டீன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு முறை மட்டும் ஏறியதால் வீடே சாப்பிடாமல் இருந்தது. மறுபடி இறங்கியது. க்ரீம் நின்றதும் மங்கு பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. வரட்டும். நான் வேலைக்குத் திரும்பினேன்.

போன மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பார்க்கும்படி அமைந்தது. என்னுடையது ஏறக்குறைய நின்றுவிட்டது. அக்காவுடையது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. "மறுபடி குத்திப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை" என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைத் தேடியபடி. அன்று அக்காவுக்கு விடுமுறை. பிள்ளைகளைப் பார்க்க வாருங்கள் என்று வற்புறுத்தி ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில் நான்.

பஸ் வேலூரைத் தாண்டியது. அக்கா வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"கலா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?"

"கேளுங்கக்கா."

"என்மேல உனுக்குக் கோவமே வரலியா?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிற முகம் இல்லை அது.

"வந்துச்சி" என்றேன். "ஜாஸ்தியாவே வந்துச்சி. பேரு ஊரு இல்லாத டப்பாவ வாங்கினு வந்து என் மூஞ்சில தேச்சிட்டாங்களேன்னு. எனக்கு ஒண்ணு ஆய்ட்டா பசங்க இன்னா ஆவுங்கன்னு. ஒங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "எத்தினி நாளு?"

"ரொம்ப நாளு."

"அப்புறம்?"

"நீங்க குப்புறப் படுத்துனு என் வெரலப் புடிச்சினு இருந்தீங்களே, அப்ப போய்ட்ச்சி. எப்பிடிப் போச்சின்னு தெரியல."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் முகம் பல மாதத்துக்குப் பிறகு தளர்ந்திருந்தது. "அப்பாடா" என்றார். "ஆளாளுக்குத் தப்பு இல்ல, தப்பு இல்லன்னு சொல்லி என்னை விருந்தாளியாட்டம் வாசல்லயே நிக்க வெச்சிட்டீங்க. நீயாச்சும் நாலு வார்த்த திட்டுவன்னு பாத்தேன். திட்டுனாதான வூட்டு மனுஷி?"

"இப்ப திட்டட்டுமா?"

"திட்டு."

எனக்குத் திட்ட வரவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் நெற்றியில் காற்றுக்குப் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பள்ளிகொண்டா வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஆம்பூர் வந்தும் எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டர் இரண்டாவது முறை குரல் கொடுத்த பிறகுதான் எழுப்பினேன்.